ஆய்வகம் திரைக்கு இந்தப் பக்கம்

இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் நாலைந்து ஸ்பூன் உப்பைப் போட்டுக் கரையும்வரை கலக்கிவிட்டு, இரண்டும் அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை டம்ளருக்கு ஒன்றாக, ஒரே நேரத்தில் போடுங்கள். எந்தக் கட்டி முதலில் உருகும்?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலான குரல்கள் உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்லும். உப்பு ஐஸை உருக்கும் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பனி கொட்டும் நாடுகளில் சாலையில் உப்பு தூவுவதை வீடியோவில் பார்த்தும் இருக்கிறார்கள். செய்து பார்த்தால் நடப்பது தலைகீழ். சாதாரணத் தண்ணீரில் போட்ட கட்டி காணாமல் போன பிறகும், உப்புநீரில் போட்டது எனக்கென்ன என்று வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டு மை போதும். உருகும் கட்டியின் மேல் மையை விட்டால், சாதாரணத் தண்ணீரில் அது நூல் நூலாகக் கீழே இறங்கும். குளிர்ந்த உருகுநீர் சுற்றியுள்ள நீரைவிட அடர்த்தி கூடியது, அதனால் மூழ்குகிறது. அது இறங்கிய இடத்துக்குச் சூடான நீர் வந்து கட்டியைத் தொடுகிறது. உப்புநீரிலோ மை மேலேயே படலமாகத் தங்கிவிடும். உருகிவரும் நீரில் உப்பு இல்லை. குளிர்ந்திருந்தாலும் அது உப்புநீரைவிட லேசானது. அதனால் கட்டி தன்னைச் சுற்றித் தானே ஒரு குளிர்ப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அடர்த்தி, வெப்பச்சலனம், உறைநிலை மூன்றும் இந்த ஒரு டம்ளருக்குள் மோதிக்கொள்கின்றன.

சரி, இதை ஆன்லைன் வகுப்பில் எப்படி நடத்துவது? ஆசிரியர் ஒரு ஸ்லைடில் படம் போட்டுக் காரணத்தை விளக்கலாம். அல்லது தன் மேசையில் இரண்டு டம்ளர்களை வைத்துக் கேமரா முன் செய்து காட்டலாம். அல்லது ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் தன் டம்ளரில் செய்யலாம், கட்டியைப் போடுவதற்கு முன் எது முதலில் உருகும், ஏன் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு. இணையவழி அறிவியல் வகுப்புகளில் பெரும்பாலானவை முதல் வழியில் நடக்கின்றன, முயற்சி எடுக்கும் ஆசிரியர்கள் இரண்டாம் வழிக்குப் போகிறார்கள். ஆனால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. மூன்றாவதுதான் வேறு.

இதற்கு ஆதாரம் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எரிக் மஸூரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டும் பரிசோதனைகளை மாணவர்கள் சும்மா பார்த்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது. பரிசோதனையையே பார்க்காதவர்களைவிட, வெறுமனே பார்த்தவர்களின் புரிதல் பெரிதாக மேம்படவில்லை. முன்கூட்டியே முடிவைக் கணித்துவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. கணிப்பதற்குக் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்கள்தான். நேரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கே இந்த நிலை என்றால், திரையில் கட்டைவிரல் அளவு ஜன்னலில் பார்ப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கணி, கவனி, விளக்கு என்ற இந்த வரிசையை ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் 1992-லேயே கற்பித்தல் முறையாக எழுதிவைத்தார்கள். அதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம், வேகமான இணையம்கூட வேண்டாம். கணிப்பை ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பிவிடலாம்.

2020-ல் நாம் எதை மூட்டை கட்டினோம்

2020 ஏப்ரலில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, யுனெஸ்கோ கணக்கின்படி 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் குறைந்தது 46 கோடிப் பிள்ளைகளுக்குத் தொலைவழிக் கல்வி எந்த வடிவத்திலும் எட்டவில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்னது. எட்டியவர்களுக்கும் அறிவியல் எப்படி எட்டியது? கணக்கும் மொழிப்பாடமும் ஓரளவு அப்படியே திரைக்கு இடம்பெயர்ந்தன. அறிவியலில் விளக்கவுரை மட்டும் திரைக்கு வந்தது, செய்முறை பூட்டிய ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. ரெக்கார்ட் நோட்டுகள் மட்டும் வழக்கம்போல நிரம்பின, யாரும் எடுக்காத அளவீடுகளோடு.

தொலைவிலிருந்து அறிவியல் சொல்லிக்கொடுப்பது புதிய விஷயம் என்று நினைத்ததுதான் இங்கே நடந்த தவறு என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-லேயே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு இருவழி ரேடியோவில் பள்ளி நடந்தது. பறக்கும் மருத்துவர் சேவையின் ரேடியோ அமைப்பைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனின் ஓபன் யூனிவர்சிட்டி 1971-ல் பாடங்களைத் தொடங்கியபோது விரிவுரைகளைப் பிபிசியில் ஒளிபரப்பியது. அதோடு நிற்காமல் அறிவியல் மாணவர்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பியது. பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கியும் இருந்தது. விரிவுரையை அலைவரிசையில் அனுப்பலாம், பொருளைத் தபாலில்தான் அனுப்ப முடியும் என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. ஐம்பது வருடம் கழித்து வீடியோ அழைப்பு கைக்கு வந்ததும் நாம் பெட்டியை மறந்துவிட்டோம்.

நூலும் கல்லும்

ஐஸ் எல்லா வீட்டிலும் இருக்காது. நூலும் ஒரு கல்லும் இருக்கும். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2 விநாடி. நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் 1 விநாடி. நீளத்தை நாலில் ஒரு பங்காக்கினால் நேரம் பாதியாகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்துவிட்டால், ஊசலின் நேரத்தைக் கணக்கிடும் வாய்பாட்டில் வர்க்கமூலம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று விளக்க வேண்டிய வேலை பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதி பிழைகளில் இருக்கிறது. இதில்தான் வீட்டுப் பரிசோதனை பள்ளி ஆய்வகத்தை மிஞ்சுகிறது. ஸ்டாப்வாட்சை அமுக்குவதில் மனிதக் கை சுமார் 0.2 விநாடி பிசகும். ஒரே ஓர் அலைவை, அதாவது ஒருமுறை போய்த் திரும்புவதை, அளந்தால் 2 விநாடியில் அது 10 சதவீதப் பிழை. பத்து அலைவுகளைச் சேர்த்து அளந்தால் 20 விநாடியில் அதே 0.2, அதாவது 1 சதவீதம். இதை நீங்கள் சொல்லித் தர வேண்டாம். பாதி வகுப்பை ஓர் அலைவும் மீதியைப் பத்து அலைவும் அளக்கச் சொல்லி, எல்லா விடைகளையும் ஒரே தாளில் புள்ளிகளாக வைத்துக் காட்டுங்கள். ஒரு கூட்டம் சிதறிக் கிடக்கும், மற்றது நெருங்கி நிற்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

இன்னொரு பிழை இதைவிடச் சுவாரசியமானது. நூலின் நீளத்தை முடிச்சுவரை அளப்பவர்கள் உண்டு, கல்லின் நடுப்பகுதிவரை அளப்பவர்களும் உண்டு. கல் 5 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 95 செ.மீ. நூலில் முடிச்சுவரை மட்டும் எடுத்து, அதையும் அலைவு நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டவருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 9.55 என்று வரும். பத்து முறை திரும்பச் செய்தாலும் 9.55-ஐ ஒட்டியேதான் வரும். சிதறல் இல்லை, ஆனால் விடை தப்பு. துல்லியம் வேறு, சரி வேறு என்பதைப் பாடப்புத்தகம் குண்டு துளைத்த இலக்குப் பலகைப் படத்தை வைத்து விளக்கும். இங்கே அது ஒரு பிள்ளையின் சொந்த எண்ணாக வந்து நிற்கிறது. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே உலோகக் குண்டு, ஒரே நீள நூல், பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து எழுதிய ஒரே விடை. வீட்டில் முப்பது விதமான கற்கள். நகலெடுக்கவே வழியில்லை. மதிப்பீட்டுக்கும் இது போதும். கல்லும் நூலும், பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டும் இருக்கும் ஒரு போட்டோ, அப்புறம் ‘எது சொதப்பியது?’ என்ற கேள்விக்கு நாலு வரி பதில். அந்த நாலு வரியை இணையத்தில் தேடி எடுக்க முடியாது.

வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். போனுக்குள் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அவற்றை அளவுகோல்களாக மாற்றித் தருகிறது. அதிலுள்ள ஒலி ஸ்டாப்வாட்ச் ஒரு கைதட்டலில் ஓடத் தொடங்கி அடுத்த கைதட்டலில் நிற்கும். இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் மாறி மாறித் தட்டினால், இரண்டு போன்கள் காட்டும் நேரங்களுக்கு இடையே 0.03 விநாடி அளவுக்கு வித்தியாசம் வரும். ஒலி 10 மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் அது. வகுத்தால் ஒலியின் வேகம். ஒரு போனை வைத்து நாலு பேர் படிக்கும் வீடுகளும் உண்டு என்பதால் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. நூலும் கல்லும் கட்டாயம், போன் உபரி.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு பத்தி, ஆனால் கண்டிப்பாக. வீட்டில் பக்கத்தில் ஆசிரியர் இல்லை, கண் கழுவும் குழாய் இல்லை. ஆகவே நெருப்பு, அமிலம், சுவர் பிளக்கில் வரும் மின்சாரம் மூன்றும் வீட்டுப் பரிசோதனையில் கிடையாது. பேட்டரி போதும். சுத்தம் செய்யும் திரவங்களைக் கலந்து பார்க்கச் சொல்லவே கூடாது. பிளீச்சும் அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கச் சொல்வதும் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆபத்தான பரிசோதனையைக் கொடுப்பது பொறுப்பைத் தள்ளிவிடுவதுதான்.

சிமுலேஷன் எங்கே ஜெயிக்கிறது

கையால் செய்வதே உயர்ந்தது, திரையில் செய்வது போலி என்று நான் சொல்லவரவில்லை. 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற சிமுலேஷன் திட்டத்தை, அதாவது பரிசோதனைகளைத் திரையில் போலச் செய்து பார்க்கும் மென்பொருள் திட்டத்தை, தொடங்கினார். இலவசம். பெரும்பாலானவற்றை இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் ஓட்டலாம். அந்தத் திட்டத்தின் மின்சுற்று சிமுலேஷனை வைத்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவு நிஜ பல்பு, நிஜ வயரோடு பழகியது. இன்னொரு பிரிவு கணினியில் மட்டும் பழகியது. பிறகு இரு பிரிவினரையும் நிஜ மின்சுற்று ஒன்றை அமைத்து விளக்கச் சொன்னபோது, கணினியில் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள்.

இது முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும். காரணத்தை யோசித்தால் புரிகிறது. மின்னோட்டத்தை பல்பு ‘தின்றுவிடுகிறது’, அதனால் பல்பைத் தாண்டிய வயரில் மின்னோட்டம் குறைவு என்று பெரும்பாலான மாணவர்கள் நம்புகிறார்கள். நிஜ வயரை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் அந்த நம்பிக்கை உடையாது, ஏனென்றால் வயருக்குள் எதுவும் தெரிவதில்லை. சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஊர்வது கண்ணில் படுகிறது. தளர்ந்த இணைப்பு, தீர்ந்த பேட்டரி போன்ற தொல்லைகளும் குறுக்கே வருவதில்லை.

ஸ்காட்லாந்து வேதியியல் கல்வியாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் வேதியியல் ஏன் கடினம் என்பதற்குச் சொன்ன விளக்கம் இங்கே கைகொடுக்கும். ஒரே நிகழ்வு மூன்று தளங்களில் இருக்கிறது: கண்ணுக்குத் தெரிவது, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் ஆட்டம், தாளில் எழுதும் குறியீடு. ஆசிரியருக்கு மூன்றுக்கும் இடையே தாவிப் பழக்கம், மாணவர் தடுமாறுவது அந்தத் தாவலில்தான். கண்ணுக்குத் தெரிவதை வீட்டில் கையால் செய்யலாம். தெரியாததற்கு சிமுலேஷன். இரண்டையும் குறியீட்டோடு கட்டிப்போடுவதற்கு ஆசிரியரின் நேரலை வகுப்பு. ஐஸ் கட்டியை சிமுலேஷனில் செய்வதும், எலக்ட்ரானைக் கரும்பலகையில் வாயால் விவரிப்பதும் இடம் மாறிய வேலைகள். இன்னொன்று, சிமுலேஷன் ஊசலில் உராய்வைப் பூஜ்யமாக்கிவிட்டால் எல்லோருக்கும் ஒரே விடை, கச்சிதமாக வரும். அதைப் பார்த்துப் பழகியவர், தன் அளவீடு கொஞ்சம் பிசகினாலே தான்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

பதிவுசெய்த வீடியோவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இணையவழிப் பாடத் தளமான எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை 2014-ல் ஆராய்ந்தபோது, மாணவர்கள் ஒரே மூச்சில் பார்ப்பது சுமார் 6 நிமிடம்தான் என்று தெரிந்தது. நாற்பது நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து போடுவது யாரும் பார்க்காத ஆவணம்.

பாதி வகுப்பு இங்கே, பாதி அங்கே

பாதிப் பேர் அறையிலும் மீதிப் பேர் வீட்டிலும் இருக்கும் கலப்பு வகுப்புதான் உண்மையில் கஷ்டமானது. முழுக்க நேரடி, முழுக்க இணையவழி இரண்டையும்விடக் கஷ்டம். ஆசிரியர் கரும்பலகை பக்கம் நகர்ந்ததும் வீட்டில் இருப்பவர்களுக்குக் குரல் போய்விடும். முன்வரிசையிலிருந்து ஒருவர் கேள்வி கேட்பார், ஆசிரியர் பதில் சொல்வார். திரைக்கு அப்பால் இருப்பவருக்குக் கேள்வி இல்லாத பதில் மட்டும் வந்து சேரும். இரண்டு வாரத்தில் அவர் கேமராவை அணைத்துவிடுவார். விலை கூடிய கேமராவைவிட நல்ல மைக் முக்கியம். அதைவிட முக்கியம், அறையில் கேட்ட கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திரும்பச் சொல்லும் பழக்கம்.

செய்முறை வகுப்பில் வீட்டிலிருப்பவரைப் பார்வையாளராக விடாமல் இருக்க நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. ஜோடி சேர்ப்பது. ஆய்வகத்தில் இருப்பவர் கை, வீட்டில் இருப்பவர் தலை. தலை சொல்வதை மட்டும்தான் கை செய்ய வேண்டும். தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) சோதனையை எடுத்துக்கொள்வோம், ஒரு கரைசலில் இன்னொன்றை நிறம் மாறும்வரை விட்டு அளப்பது. பியூரெட்டை, அதாவது அளவு குறித்த குழாயை, திறக்கும் கை ஆய்வகத்தில். அளவைப் படித்துப் பதிவதும், எப்போது மெதுவாக்குவது என்று முடிவெடுப்பதும் வீட்டில். “கொஞ்சம் திற” என்றால் “கொஞ்சம்னா எவ்வளவு?” என்று எதிர்க்கேள்வி வரும். “நிறுத்து” என்ற சொல் இணையத்தில் அரை விநாடி தாமதமாக வந்து சேரும், அதற்குள் நிறம் தாண்டிவிடும். இரண்டாம் முறை அவர்களே சொட்டுச் சொட்டாக விடத் தொடங்குவார்கள். போன் கேமரா வெண்மையைத் தானாகச் சரிசெய்துகொள்வதால் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியின் வெளிர் இளஞ்சிவப்பு திரையில் தெரியாமலே போகலாம். குடுவைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைப்பார்கள், அப்படியும் நிறத்தைச் சொல்லும் பொறுப்பு அறையில் இருப்பவரிடம் போகும். செய்முறையை இன்னொருவர் பிசகாமல் செய்யும்படி எழுதுவது அறிவியலில் பாதி வேலை. ரெக்கார்ட் நோட்டில் அது ஒருபோதும் வந்ததில்லை, இந்த ஜோடியில் தானாக வருகிறது. அடுத்த வாரம் இடம் மாற வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சின்ன மாற்றம் தேவை. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இணையத்தில் ம்யூட்டை எடுக்கவே மூன்று விநாடி ஆகும். பத்து விநாடி கொடுங்கள். அதைவிட நல்லது, எல்லோரும் சாட்டில் பதிலை எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்வது. “இப்போ” என்றதும் முப்பது பதில்களும் ஒரே நேரத்தில் வந்து விழும். முதலில் பதில் சொல்லும் அந்த ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எழுத முடியாது. ஐஸ் கட்டிக்குக் கணிப்பு வாங்க இதைவிட வசதியான கருவி நேரடி வகுப்பறையில்கூட இல்லை.

இப்படி நடத்தினால் புகார் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “சார் பாடமே நடத்துறதில்ல, எங்களையே செய்யச் சொல்றார்.” ஹார்வர்டில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே யோசித்துச் செய்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். உழைப்பு, புரியாமை போலத் தோன்றுகிறது. பெற்றோர் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் இணையவழி வகுப்பில் இந்தப் புகார் சீக்கிரமே வரும். முதல் வாரத்திலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக, தொலைவு இருந்தால்தான் செய்ய முடிகிற ஒரு பரிசோதனை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ், சையீன், அலெக்சாண்ட்ரியா என்ற இரண்டு எகிப்திய நகரங்களில் நண்பகல் வெயில் விழும் கோணங்களை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். வித்தியாசம் 7.2 டிகிரி, ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினார். இன்று வடக்கு தெற்காகச் சுமார் 444 கி.மீ. இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, ஒரே நாளில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் அளந்தால் போதும். ஒருவருக்கு 17.6 செ.மீ., மற்றவருக்கு 24.9 செ.மீ. என்று வந்தால், கோணங்கள் 10 டிகிரி, 14 டிகிரி. 4 டிகிரிக்கு 444 கி.மீ. என்றால் 360 டிகிரிக்கு 39,960. துருவங்கள் வழியாக அளந்த உண்மையான சுற்றளவு சுமார் 40,008 கி.மீ. நிஜத்தில் இவ்வளவு அழகாக வராது. குச்சி சாய்ந்திருக்கும், ஒருவர் கடிகாரத்தில் 12 அடித்ததும் அளந்திருப்பார், சூரியனின் நண்பகல் அந்த ஊரில் 12:20-க்கு வந்திருக்கும். ஒரே பள்ளி மைதானத்தில் நாற்பது பேர் நாற்பது குச்சி நட்டால் நாற்பது நிழலும் ஒரே நீளம்தான், கணக்குப் போட அங்கே எதுவும் கிடைக்காது.